முப்பத்தெட்டு மார்க்

தருமபுரி பெரியாஸ்பத்திரி. காது மூக்கு தொண்டை.
டாக்டர் பொண்ணு தாளைப் பார்த்துக் கேட்கிறாள்.
மாஸ்க் மட்டும் அசைகிறது.
கொஞ்சம் இறக்குங்கம்மா, என்றேன்,
எனக்கு உதடுதான் காது.

(ஊரே வாயை மூடிக்கொண்ட அந்தக் கொரோனா வருஷம்
நான் முழுச் செவிடு.
முகம் முகமாகத் தேடியும்
ஒரு சொல் சிக்கவில்லை.)

போன ஆறு மாசத்தில் காதில் சீழ் வந்ததா?
இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.
எதுன்னு சொல்லுங்க.

எட்டு வயசிலிருந்து வடிகிறது.
சளி பிடித்தால் மஞ்சளாக, கோடையில் தண்ணியாக.
தலையணை உறையில் ஒரு வட்டம்,
அதைச் சுற்றி இன்னொரு வட்டம்,
சோடா உப்புப் போட்டு வெளுத்தாலும் போகாதது.
இதில் அடிக்கடி எது, எப்போதும் எது?
நீங்களே ஒன்றில் டிக் பண்ணுங்க.

நாற்றத்தால் நாலு பேர் நடுவில் கூச்சப்பட்டதுண்டா?

அதற்குத்தானே ஒகேனக்கலில் மீன் வறுக்கிறேன்.
மசாலா தடவிய கட்லா, ஜிலேபி, எண்ணெய்ப் புகை.
மூக்கைச் சுளிக்கிறவர்
பழியை மீன்மேல் போட்டுவிட்டுப் போவார்.
கல்யாண மண்டபத்தில்தான் மாட்டிக்கொள்வேன்.
இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி
ஒரு நாற்காலி பிடிப்பதற்குள்
முதல் பந்தி எழுந்துவிடும்.

மற்றவர் பேச்சு கேட்காமல் சிரமப்பட்டதுண்டா?

டாக்டரம்மா, நீங்கள் ஆடியில் வரவேண்டும்.
தண்ணி கூடிவிட்டால் அருவிச் சத்தத்தில்
மொத்தக் கூட்டமும் "ஆ? ஆ?" என்று நிற்கும்.
பெங்களூர்க்காரர் தொண்டை கிழியக் கத்துவார்,
பெண்டாட்டி "ஏனு? ஏனு?" என்பாள்.
எண்ணெய் தேய்க்கிற மாதையன்
விரலில்தான் கூலி பேசுவான்.
நான் வாயசைவைப் பார்த்தே
ரெண்டு கட்லா, ஒரு ஜிலேபி, காரம் கம்மி என்று
சட்டியில் போட்டுவிடுவேன்.
அந்த ஒரு மாசம்
கடைத்தெருவிலேயே நல்ல காது என்னுடையது.

குளிக்கும்போது?

இருபத்திரண்டு வருஷமாக அருவிக்குப் பக்கத்தில் பிழைப்பு.
ஒரு தடவை தலையைக் கொடுத்ததில்லை.
பதினெட்டாம் பெருக்குக்குக் கூட
கழுத்து வரைக்கும்தான் எனக்குக் காவிரி.
அதற்கு மேலே
தேங்காயெண்ணெயில் முக்கிய பஞ்சும்
சாய்த்து ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணியும்.

தூக்கம்?

வலி இருந்தால் இல்லை.
வலி இல்லாத ராத்திரிகளில்
வேண்டுமென்றே நல்ல காதைத் தலையணையில் புதைப்பேன்.
குழுக் கடனுக்கு விடிகாலையில் வந்து கதவைத் தட்டினாலும்
எனக்கு அது யார் வீட்டுக் கதவோ.

அப்படி ஒரு ராத்திரிதான்
ஜனப்பிரியா பக்கத்தில் வந்து படுத்து
இடது காதில் என்னவோ சொன்னாள்.
மூச்சின் சூடு தெரிந்தது.
அந்தக் காதுக்கு அவ்வளவு கிட்டே
பெற்ற தாய்க்குப் பிறகு யாரும் வந்ததில்லை.
நகரத் தோன்றவில்லை.
திருப்பிக் கேட்டால் பிள்ளை முகம் வாடுமே என்று
தலையாட்டினேன்.

நாலாம் நாள் பை கட்டியிருந்தாள்.
ஓசூர். செல்போன் கம்பெனி. ஹாஸ்டல்.
"நீதானேம்மா சரின்னு சொன்ன."
ஆமாம், என்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் போன் பண்ணுகிறாள்.
வலது காதில் அவளை வைத்துக்கொண்டு
இடது பக்கம் நிற்கிற கிராக்கியைத் தொலைக்கிறேன்.

தாளில் அதற்குக் கட்டம் இருக்கிறதா என்று
நான் கேட்கவில்லை.
அவள் பேனா முனையால் கூட்டிக்கொண்டே வந்து
முப்பத்தெட்டு, என்றாள்.
நூற்றுக்கா?
ஆமாம்.
அப்படியானால் பாஸ்தானே?

சிரித்துவிட்டாள்.
சிரிப்பை மறைக்க மாஸ்கை ஏற்றிக்கொண்டு
ஆபரேஷனுக்கு ஏதோ தேதி,
பிறகு இன்னும் என்னவோ கேட்டாள்.

தலை தானாக ஆடப் பார்த்தது.
பிடித்துக்கொண்டேன்.